வேகப் படகுக்கு எந்த இழை, எந்த ரெசின்?

படகு கட்டும் பொருள்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இம்முறை விடை தருகிறேன். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளும். மற்றவற்றின் வேரும் அதற்குள்தான் இருக்கிறது.

கேள்வி: ஐயா, நாங்கள் பல ஆண்டுகளாக மீன்பிடி ஃபைபர் படகுகள் கட்டி வருகிறோம். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்), மேட் (வெட்டிய கண்ணாடி இழைகளின் விரிப்பு), ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), தூரிகை, உருளை ஆகியவற்றைக் கொண்டுதான் எங்கள் பட்டறை நடக்கிறது. இப்போது ஒருவர் 32 அடி நீளத்தில், 45 நாட் (மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடக்கூடிய படகு ஒன்றைக் கட்டித் தருமாறு கேட்கிறார். கார்பன் இழையும் எப்பாக்சி ரெசினும் இல்லாமல் அந்த வேகம் வராது என்றும் அவரே சொல்கிறார். இது உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?
– படகு கட்டுபவர், தூத்துக்குடி

பதில்: உண்மை இல்லை. இன்று உலகெங்கும் 45 நாட் வேகத்தில் ஓடும் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையால் ஆனவையே. வேகத்தைத் தருவது எஞ்சினும், அடிப்பகுதியின் வடிவமும், மொத்த எடையும். அந்த வேகத்தில் படகு பிளந்துபோகாமல் காப்பதுதான் பொருளின் வேலை. படகின் அடியில் அலை மோதும் அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி உயர்கிறது. 10 நாட்டில் ஓடும் உங்கள் மீன்பிடிப் படகு வாங்கும் அடியைப் போல 20 மடங்கு அடியை 45 நாட் படகு வாங்க வேண்டியிருக்கும். அதுவும் ஒருமுறை இருமுறை அல்ல, ஒவ்வொரு பயணத்திலும் ஆயிரக்கணக்கான முறை.

இப்படித் திரும்பத் திரும்ப அடி வாங்கும் ஓட்டில், அதாவது படகின் உடலில், முதலில் தோற்பது பெரும்பாலும் இழை அன்று, ரெசின்தான். ஆகையால் இழையை விட்டுவிட்டு ரெசினில் தொடங்குங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஆர்த்தோ எனப்படும் சாதாரண வகைப் பாலியெஸ்டர், இறுகிய பிறகு சுமார் 2 சதவீதம் நீண்டாலே முறிந்துவிடும். சாதாரண ஈ-வகைக் கண்ணாடி இழையோ 4.8 சதவீதம் வரை நீளக்கூடியது. அதாவது, இழை தன் முழு வலிமையையும் காட்டுவதற்கு வெகு முன்பே, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரெசினில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன; அவற்றின் வழியே நீர் புகுந்து அடுக்குகள் மெல்லப் பிரிகின்றன. வினைல் எஸ்டர் என்ற ரெசின் 5 முதல் 6 சதவீதம் வரை நீளும், நீரையும் நன்றாகத் தாங்கும். உங்கள் ஆட்களுக்குப் பழக்கமான முறையிலேயே, கேட்டலிஸ்ட் (இறுகும் வினையைத் தொடங்கி வைக்கும் பொருள்) சேர்த்தே அதைக் கையாளலாம் என்பது அதன் பெரிய வசதி. உங்கள் முதல் வேகப் படகுக்கு ஜெல்கோட் எனப்படும் வெளிப்பூச்சுக்கு அடுத்த அடுக்கிலிருந்து உட்புறக் கடைசி அடுக்கு வரை வினைல் எஸ்டரையே பரிந்துரைப்பேன். வெளி அடுக்குகளை மட்டும் வினைல் எஸ்டரில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாலியெஸ்டரில் முடிக்கும் வழக்கம் உண்டு. மெதுவாகச் செல்லும் படகில் கொப்புளம் வராமல் தடுக்க அது போதும். 45 நாட்டில் மோதப்போகும் அடிப்பகுதிக்குப் போதாது.

எப்பாக்சி இதைவிட உயர்ந்ததுதான். ஒட்டும் திறனிலும், திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் பொருளுக்கு ஏற்படும் சோர்வைத் தாங்கும் திறனிலும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் சாதாரண வெப்பநிலையில் இறுகிய பல எப்பாக்சிகள் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கருநீல வண்ணம் பூசிய படகின் தளம் சித்திரை வெயிலில் 70 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆகவே படகு முழுவதையும் கூடாரம் போட்டு மூடி, 60 முதல் 80 டிகிரி வரை பல மணி நேரம் சீராகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத பட்டறையில் நன்றாகப் போட்ட வினைல் எஸ்டர், அரைகுறையாக இறுகிய எப்பாக்சியைவிட மேல் என்பது என் அழுத்தமான கருத்து. எப்படியானாலும் வெள்ளை நிறத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து துணி. ரோவிங்கில் இழைகள் ஒன்றன் மேலும் கீழுமாக நெய்யப்பட்டு வளைந்து கிடக்கின்றன. பாரம் வரும்போது அவை முதலில் நேராகப் பார்க்கும், அப்போது சுற்றியுள்ள ரெசினை உடைக்கும். அதற்குப் பதிலாக, இழைகளை இரு திசைகளிலோ நான்கு திசைகளிலோ வளைவின்றி அடுக்கித் தைத்த பைஆக்சியல், குவாட்ராக்சியல் துணிகளை வாங்குங்கள். மேட்டை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். ஜெல்கோட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய அடுக்காக இருக்கட்டும். மேட் மட்டும் போட்ட ஓட்டில் எடையில் சுமார் 30 சதவீதம்தான் கண்ணாடி, மற்றதெல்லாம் ரெசின். கையால் போடும் ரோவிங்கில் அது 45 முதல் 50 சதவீதமாகும். துணிகளை உலர்வாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடமே ரெசினை இழுத்துக்கொள்ளும்படி செய்யும் இன்ஃப்யூஷன் முறையில் 65 சதவீதத்தைத் தாண்டலாம். அமெரிக்காவில் 1990இல் ஸ்கிரிம்ப் என்ற பெயரில் காப்புரிமை பெற்ற முறை இதில் ஒரு வகை. அதே வலிமைக்கு எடை கணிசமாகக் குறையும், பட்டறையில் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியின் நாற்றமும் குறையும். ஆனால் ஒரு சிறு துளையில் காற்று கசிந்தால் அன்றைக்கே ஒரு முழு ஓடு வீண். முதலில் மூடிகள், பின்பு தளம், அதன் பின்பே ஓடு என்ற வரிசையில் கைப்பழக்கம் பெறுங்கள்.

இனி கார்பன். ஈ-வகைக் கண்ணாடியின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல், சாதாரணக் கார்பன் இழைக்கு 230. எடையும் குறைவு: கண்ணாடியின் அடர்த்தி 2.5க்குச் சற்று மேல், கார்பனுடையது 1.8. இந்த எண்களைப் பார்த்துத்தான் உங்கள் வாடிக்கையாளர் மயங்கியிருக்கிறார். ஆனால் கார்பன் 2 சதவீத நீட்சிக்குள் முறியும், முறிவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது. கண்ணாடியோடு ஒரே திசையில் கலந்து போட்டால், விறைப்பு அதிகம் என்பதால் பாரத்தின் பெரும்பகுதியைக் கார்பனே ஏற்கும், கண்ணாடி சும்மா இருக்கும். கார்பன் முறிந்ததும் முழுப் பாரமும் திடீரென்று கண்ணாடி மேல் விழும். இரண்டும் சேர்ந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. போதாக்குறைக்கு, உப்புநீரில் கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். கையில் பணம் மிச்சம் இருந்தால், ஸ்ட்ரிங்கர் எனப்படும் நீளவாட்டுத் தாங்கிகளின் உச்சியில் ஒரே திசைக் கார்பன் பட்டை போடலாம். மேற்கூரையையும் கார்பனில் செய்யலாம், உயரத்தில் குறையும் எடைக்கு மதிப்பு அதிகம். அடிப்பகுதிக்கு வேண்டாம்.

நடுவில் நுரைப்பலகை வைத்துக் கட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, அதே தடிமனுள்ள நுரையை நடுவில் வைத்தால் விறைப்பு சுமார் 7 மடங்காகிறது, எடையோ சிறிதே கூடுகிறது. பக்கங்களுக்கும் தளத்துக்கும் கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பிவிசி நுரை போதும். அடிப்பகுதியில் அலை மோதும்போது நுரையின் இருபுறமும் உள்ள தோல்கள், அதாவது இழை அடுக்குகள், எதிரெதிராக வழுக்கப் பார்க்கும், நடுவிலுள்ள நுரை அந்த விசையைத் தாங்க வேண்டும். 80 கிலோ நுரை அதைச் சுமார் 1.1 மெகாபாஸ்கல் வரையிலும், 130 கிலோ நுரை 2.2 வரையிலும் தாங்கும். எனினும் முதல் படகில் அடிப்பகுதியை நுரையின்றி, நெருக்கமான தாங்கிகளுடன் ஒற்றை ஓடாகவே கட்டுங்கள். கொஞ்சம் எடை கூடினாலும் தவறுகளை மன்னிக்கும் அமைப்பு அது. தடிமனை ஊகித்துப் போடாமல், ஐஎஸ்ஓ 12215-5 தரநிலையின்படி கணக்கிட்டுத் தரச் சொல்லி ஒரு கப்பல் வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்.

வினைல் எஸ்டர் சில மாதங்களிலேயே பீப்பாய்க்குள் தானாக இறுகத் தொடங்கும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கி நிழலில் வையுங்கள். வழக்கமான கேட்டலிஸ்டில் அது நுரைக்கக்கூடும் என்பதால், அதற்கென்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும் என்பதைத் தெரிந்தவர்களுக்கும் மீண்டும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: கடல் பந்தயப் படகுகள் எப்போது மரத்திலிருந்து கண்ணாடி இழைக்கு மாறின?
– பொறியியல் மாணவி, சென்னை

பதில்: ஒரே நாளில் மாறவில்லை, ஆனால் அடையாளமாகச் சொல்லத்தக்க ஒரு படகு உண்டு. 1960இல் மயாமியிலிருந்து பகாமாஸின் நசாவுக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹண்ட் வடிவமைத்த, டிக் பெர்ட்ரமுக்குச் சொந்தமான மோப்பி என்ற படகு, கொந்தளித்த கடலில் சுமார் 8 மணி நேரத்தில் முதலாவதாக வந்தது. அணியத்திலிருந்து பின்பகுதி வரை ஆழமான வி வடிவம் கொண்ட அதன் அடிப்பகுதிதான் வெற்றிக்குக் காரணம். அந்தப் படகு மரத்தால் ஆனது. அடுத்த ஆண்டே அதே வடிவம் பெர்ட்ரம் 31 என்ற பெயரில் கண்ணாடி இழையில் வார்க்கப்பட்டது. நுரை இல்லாத கனத்த ஒற்றை ஓடு அது. மரப் பலகைகளை அலைகள் மூட்டு மூட்டாகத் தளர்த்திவிடும், வார்த்தெடுத்த ஓட்டில் மூட்டே இல்லை. முதலில் வடிவம், பிறகு அதற்கேற்ற பொருள் என்று வந்த அந்த வரிசை எனக்குப் பிடித்தமானது.

கேள்வி: பாவித்த 28 அடி விளையாட்டுப் படகு ஒன்றை வாங்கினேன். அடிப்பகுதியில் ஓரிடத்தில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறது. வெளியே ஒரு கீறலும் இல்லை. துளையிட்டு எப்பாக்சி ஏற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– படகு உரிமையாளர், திருகோணமலை

பதில்: அதற்கு முன், அந்தச் சத்தம் எதுவரை பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாணயத்தால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டி, கூர்மையான ஒலி மழுங்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வையுங்கள். இத்தகைய படகுகளில் வெளித்தோல் நுரையிலிருந்து பிரிந்திருக்கலாம், அல்லது நுரையே உள்ளுக்குள் சறுக்கிப் பிளந்திருக்கலாம். முதலாவது, கட்டும்போது பசை சரியாகப் பரவாததால் வருவது. இரண்டாவது, தாங்கக்கூடியதற்கு மேல் அடி வாங்கியதால் வருவது. தாங்கிகளும் குறுக்குச் சுவர்களும் ஓட்டைத் தொடும் விளிம்புகளில் அதை அதிகம் காணலாம். இரண்டுக்கும் ஊசிமருந்து போல எப்பாக்சி ஏற்றுவது வேகப் படகின் அடிப்பகுதிக்கு ஏற்ற மருத்துவம் அல்ல. உள்ளே ஈரமும் தூசியும் இருந்தால் எதுவும் ஒட்டாது. பிளந்த நுரையில் ஏற்றிய எப்பாக்சி கல்லைப் போல இறுகி, பக்கத்து நுரையை அடுத்த அலையில் உடைக்கும். பழுதான பகுதியின் தோலை வெட்டியெடுத்து, உள்ளே உலர்த்தி, அதே அடர்த்தியுள்ள நுரையைப் பதித்து, விளிம்புகளை நீண்ட சரிவாகத் தேய்த்து, எப்பாக்சியால் புதிய அடுக்குகளைப் போடுவதே வழி. பழைய பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாக ஒட்டும், எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் அப்படி ஒட்டாது. வேலை முடியும்வரை படகை வேகமாக ஓட்ட வேண்டாம்.

கேள்வி: துப்பாக்கிக் குண்டையே தடுக்கும் கெவ்லாரால் படகின் வெளிப்புறத்தைச் செய்தால் பாறையில் மோதினாலும் உடையாது அல்லவா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: 1965இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலக் கண்டுபிடித்த பொருளிலிருந்து வந்த இந்த இழை, இழுவிசையில் அபாரமானது, எடையிலும் கண்ணாடியைவிட மிகக் குறைவு. ஆனால் அமுக்குவிசையில் அதன் வலிமை இழுவிசையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்களவே. வெயில் அதைக் கெடுக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் வழவழப்பாகாமல் பஞ்சாகப் பிசிறும், ஆகவே வெளி அடுக்காக ஒருபோதும் வைக்கக் கூடாது. பந்தயப் படகு கட்டுபவர்கள் அதை உட்புறத் தோலில் வைக்கிறார்கள். வெளியிலிருந்து அலை அமுக்கும்போது பலகையின் நடுவில் உட்புறத் தோல் இழுபடுகிறது, அங்கே கெவ்லார் தன் வேலையைச் செய்கிறது. வெளித்தோல் உடைந்தாலும் உள்ளே கிழியாமல் நின்று நீரைச் சற்று நேரம் தடுக்கிறது. பாறையில் மோதினால் படகு உடையத்தான் செய்யும்.

கேள்வி: எப்பாக்சியில் ஒரு மூடி செய்தேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை இரு மடங்கு சேர்த்தேன். நான்கு நாளாகியும் பிசுபிசுக்கிறது. ஏன்?
– வாசகர், கடலூர்

பதில்: பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட், வினையைத் தொடங்கி வைக்கும் தீக்குச்சி; 1 சதவீதம் ஊற்றினாலும் 2 சதவீதம் ஊற்றினாலும் வேகம்தான் மாறும். எப்பாக்சியில் ஹார்டனர், கட்டுமானத்திலேயே பாதியாக அமையும் பொருள். ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதில் இன்ன அளவு வேண்டும் என்பது நிலையான கணக்கு. மிஞ்சியது இணை கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும், நான்கு மாதம் ஆனாலும் இறுகாது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள். வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்டனரை வாங்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் மெதுவானதே நல்லது. கலந்ததைக் குவளையிலேயே வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றினால் சூடேறிப் புகையாது. இறுகிய பின் மேலே மெழுகு போல ஒரு படலம் தெரிந்தால், உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். தேய்த்தால் அது உள்ளே பதிந்து அடுத்த அடுக்கை ஒட்டவிடாது.