என் மனைவி வேண்டுமென்றே செய்கிறாளா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 72. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடியில் சொந்த வீடு. மகன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். குறை சொல்ல எதுவும் இல்லாத குடும்பம். ஆனால் கொஞ்ச காலமாக என் மனைவியின் (வயது 68) போக்கு சரியில்லை.

எல்லாவற்றிலும் அலட்சியம். சாம்பாரில் ஒருநாள் புளியே இல்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. கேட்டால் "உங்களுக்கு நாக்கு செத்துப் போச்சு" என்கிறாள். குளிக்கச் சொன்னால் "அப்பவே குளிச்சாச்சு" என்று கூசாமல் பொய் சொல்கிறாள். கொடியில் துண்டு காய்ந்தபடியே தொங்குகிறது. "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறாள். சுவரில்தான் தினத்தாள் காலண்டர் தொங்குகிறதே, பார்த்தால் தெரியாதா? ஆனால் எங்கள் கல்யாணத்தில் என் பெரியம்மா பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனதை மட்டும் இன்றும் அட்சரம் பிசகாமல் சொல்வாள். மறதி என்றால் அதுவும் மறந்திருக்க வேண்டாமா? அதனால்தான் திமிர் என்கிறேன்.

வீட்டு வேலைக்கு வரும் பெண் மூக்குத்தியைத் திருடிவிட்டாள் என்று தெருவே கூடும்படி கத்தினாள். பல வருடங்களாக வந்துகொண்டிருந்த பெண் அழுதுகொண்டே நின்றுவிட்டாள். நாலாம் நாள் மூக்குத்தி அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. இவள் வாயே திறக்கவில்லை. இப்போது பாத்திரம் தேய்ப்பது நான். இந்த வயதில்.

போன ஐப்பசியில் கொல்லையில் வழுக்கி விழுந்தாள். தலையில் சின்ன வீக்கம், வடிந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே சாம்பார் இப்படித்தான், அதனால் அதைக் காரணம் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, பேரன் பெயரையும் என்ன கேட்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவளும் சமாளித்துவிடுவாள். தெரிந்தால் அவளை ஒரு வீட்டுக்கும் என்னை ஒரு வீட்டுக்குமாகப் பிரித்துக் கூட்டிப்போய்விடுவார்கள். போகட்டும், அது வேறு விஷயம். இத்தனை வருடம் பொறுப்பாக இருந்தவள் இப்போது கணவனை மதிக்காமல் போனால் என்ன செய்வது? கத்தாமல் எப்படி இருப்பது? சாம்பாரையாவது ஒழுங்காக வைக்கக் கூடாதா?

- மன்னார்குடி வாசகர்

ஐயா,

சாம்பார் இருக்கட்டும். திமிர் பிடித்தவருக்கு யாரும் பேரன் பெயரை எடுத்துக் கொடுப்பதில்லை. மனைவிக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. திமிர் என்று வைத்துக்கொண்டால் சண்டை போடலாம், நாளைக்குச் சரியாகிவிடுவாள் என்று நம்பலாம். நோய் என்றால் இரண்டும் முடியாது. அதனால் திமிராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்க்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்காக வசவு வாங்குவது அவர்.

கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பவை டிமென்ஷியா என்கிற மறதி நோயின் தொடக்கத்தில் பல வீடுகளில் நடப்பவைதான். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அதில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படும். காலையில் நடந்தது பதியவே இல்லை என்றால் எதை நினைவுபடுத்திக்கொள்வது? உங்கள் பெரியம்மாவின் கோபமோ அந்தக் காலத்திலேயே ஆழமாகப் பதிந்துவிட்டது. திமிருக்கு ஆதாரம் என்று நீங்கள் காட்டியது நோயின் அடையாளம். குளிச்சாச்சு என்பதும் பொய் இல்லை. தினமும் குளித்த பழக்கம் நினைவில் நிற்கிறது, இன்று குளிக்காதது நிற்கவில்லை. மூக்குத்தியைப் பத்திரத்துக்காக அவரே அரிசிக்குள் வைத்திருப்பார். வைத்தது மறந்துபோனால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன தோன்றும்?

நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். விழுந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். வயதானவர்களுக்குச் சின்ன அடிகூட மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தத்தை மெல்லக் கசியவிட்டு, சில வாரங்கள் கழித்துக் குழப்பத்தைக் கூட்டலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றலாம், இருக்கிற மறதியையும் கூட்டலாம். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. அல்சைமர்தான் என்று தெரிந்தால், அதை முற்றிலும் குணப்படுத்த இன்று மருந்து இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிக் கொடுக்கும். வல்லாரை லேகியம் கொடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் ஆறு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள்.

அப்புறம், பிள்ளைகள் பிரித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம் இல்லை ஐயா. உங்கள் கடிதமே அதைப் பற்றியதுதான். அம்மா ஒரு வீடு, அப்பா ஒரு வீடு என்று நடக்காமலும் இல்லை. ஆனால் இப்படியே மறைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஒருநாள் அவர் கடைத்தெருவுக்குப் போய் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பார், அல்லது அடுப்பில் கேஸ் திறந்தபடி கிடக்கும். பிள்ளைகள் லீவு போட்டு ஓடி வருவார்கள். நாலு நாள் லீவில் பதறிப்போய் எடுக்கிற முடிவு நீங்கள் பயப்படுகிற அதே முடிவாகத்தான் இருக்கும்.

இப்போதே சொன்னால் பேச நேரம் இருக்கிறது. உங்கள் மனைவியும் அந்தப் பேச்சில் உட்காரலாம். எங்கே இருக்க ஆசை, பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்று இன்று அவரால் சொல்ல முடியும். நாளைக்கு முடியாமல் போகலாம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் புழங்கிய வீட்டிலும் தெரிந்த தெருவிலும் குழப்பம் குறைவு, இடம் மாறினால் கூடும். எங்கள் இருவரையும் இங்கேயே விடுங்கள் என்று கேட்க உங்களுக்கு நல்ல நியாயம் இருக்கிறது. நோயை மறைத்து வைத்துக்கொண்டு அந்த நியாயத்தைப் பேச முடியாது.

கத்தாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கிழமை கேட்டால் கிழமையைச் சொல்லுங்கள், இருபது முறை கேட்டாலும். "இப்பத்தானே சொன்னேன்" என்பது அவருக்குப் பயத்தை மட்டுமே ஏற்றும். எதற்காகத் திட்டு வாங்கினோம் என்பது மறந்துவிடும், மனம் நொந்தது அப்படியே கிடக்கும். அடுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வதையும் வெங்காயம் உரிப்பதையும் அவரிடமே விடுங்கள். வெளியே கிளம்பும்போது சிலிண்டரை மூடிவிட்டுப் போங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567-லும் விவரம் கேட்கலாம்.

மகனிடமும் மகளிடமும் இந்த வாரமே தனித்தனியாகப் பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பெயர் வராவிட்டால் பேரனே சொல்லட்டும். அதற்கும் முன்னால் அந்த வேலைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். மூக்குத்தி கிடைத்துவிட்டது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், மன்னிப்பும் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு நன்றாகப் பழகிய முகம் அது. இனி உங்களுக்கு வேண்டிய துணையும் அவர்தான். திரும்ப வரச் சொல்லி, சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்.