ஏக்கருக்குள் ஏர் உண்டா?

கேள்வி (ஓமலூர் வாசகர்): எங்கள் நிலத்தின் சிட்டாவில் பரப்பு 'ஹெக் - ஏர்' என்ற தலைப்பின்கீழ் 0 - 40.50 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஓர் ஏர் ஒரு நாளில் உழும் நிலமே ஏக்கர் என்றும், ஆகவே அது 'ஏர்' என்பதிலிருந்து பிறந்த தமிழ்ச் சொல் என்றும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?

பதில்: பெரியவர் பொருளைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்; பிறப்பைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். ஏக்கர் பழைய ஆங்கிலத்தின் உழவுச் சொல். தொடக்கத்தில் அதற்கு அளவே கிடையாது. வயல் என்பது மட்டுமே பொருள். பின்னர், ஒரு கலப்பை ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்று பொருள் குறுகி, முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில் சட்டம் வரையறுத்த அளவாயிற்று. அந்த நிலம் சதுரமன்று. 660 அடி நீளமும் 66 அடி அகலமுமாக நீண்டு ஒடுங்கியது. பல எருதுகள் பூட்டிய கனத்த கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு என்பதால், திருப்பாமல் எவ்வளவு தொலைவு ஓட்ட முடியுமோ அவ்வளவு தொலைவுக்குச் சால் ஓட்டினார்கள். அந்தச் சாலின் நீளமே பர்லாங்கு. அச்சொல்லின் நேர்ப்பொருளும் 'சால் நீளம்' என்பதுதான். 'இன்னும் ஒரு பர்லாங்கு போனால் கோயில் வந்துவிடும்' என்று நம் முதியவர்கள் வழி சொல்லும்போது, எங்கோ ஓர் ஆங்கிலேய உழவன் ஓட்டிய உழவுச் சாலின் நீளத்தைக் கொண்டுதான் அளக்கிறார்கள். 660ஐ 66ஆல் பெருக்கினால் வரும் 43,560 சதுர அடியே ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு, நாம் மனை வாங்கும்போது பேசும் சென்ட்.

ஏக்கரின் உறவினர் பலர். ஜெர்மனின் 'ஆக்கர்', இலத்தீனின் 'அகெர்', கிரேக்கத்தின் 'அக்ரோஸ்', சமஸ்கிருதத்தின் 'அஜ்ர' எல்லாம் வயலைக் குறிப்பவை. இவற்றின் வேருக்கு 'ஓட்டுதல்' என்பது பொருள். மாடு ஓட்டிச் சென்ற வெளியே பிறகு வயலாயிற்று என்பர். நாமும் 'ஏர் ஓட்டுதல்' என்கிறோமே என்று கேட்கலாம். அது எண்ணத்தின் ஒற்றுமையே தவிர, சொல்லின் உறவன்று. எதிர்பாராத உறவினரும் உண்டு: யாத்திரிகரைக் குறிக்கும் 'பில்கிரிம்', தன் வயல்வெளியைக் கடந்து அயலூர் சென்றவரைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

இனி உங்கள் சிட்டா. அதில் உள்ள 'ஏர்' நம் ஏரும் அன்று, ஏக்கரின் சுருக்கமும் அன்று. 1795இல் பிரான்சு வகுத்த மெட்ரிக் அளவு அது. பரப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 100 சதுர மீட்டர் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஏர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.47 சென்ட் என்பதால், உங்கள் 40.50 ஏர் ஓர் ஏக்கரேதான். நிலம் குறைந்துவிட்டதோ என்ற கவலை வேண்டாம்.

கேள்வி (ஏற்காடு வாசகர்): எங்கள் ஊர்ப் பெயரில் ஏர் இருக்கிறதா?

பதில்: இருந்தால் 'ஏர்க்காடு' என்றல்லவா எழுத வேண்டும்? ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்பதே வழக்கமான விளக்கம். ஏரியின் ரகரம் றகரமானது எப்படி என்ற கேள்வி அதிலும் இடிக்கத்தான் செய்கிறது.