வாசகியர் கேள்வி, மருத்துவர் பதில்: மார்பகத்தை நாமே பரிசோதிப்பது எப்படி?

கேள்வி: மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கோ எங்கே தொட்டாலும் கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறது. பயந்துபோய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எப்படித்தான் பார்ப்பது?

பதில்: நாளும் கையும் தவறினால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன்களால் மார்பகம் கனத்து, முடிச்சு முடிச்சாக இருக்கும். அப்போது பார்க்காதீர்கள். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7 முதல் 10-ஆம் நாளுக்குள் பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். அடுத்தது கை. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் நல்ல சுரப்பியும் கட்டி போலவே அகப்படும்.

மல்லாந்து படுத்து, வலது தோளுக்கு அடியில் சிறு தலையணை வைத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். மார்பகம் நெஞ்சின் மேல் பரந்துகொள்ளும்; உள்ளே இருப்பது கைக்குத் தெரியும். இடக்கையின் நடு மூன்று விரல்களையும் சேர்த்து, நுனியை விட்டு, ரேகை பதியும் சதைப்பகுதியால் சிறு நாணயம் அளவுக்கு வட்டமாக அழுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை: முதலில் தோல் மட்டும் அசையும்படி, பிறகு சற்று அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை. விரலைத் தோலிலிருந்து எடுக்காமல் நகர்த்துங்கள். அக்குளில் தொடங்கி, வயலில் ஏர்ச்சால் ஓட்டுவதுபோல மேலும் கீழுமாக, காறை எலும்புக்கும் அடிமடிப்புக்கும் இடையே வரிவரியாக நடு நெஞ்செலும்பு வரை வாருங்கள். பிறகு இதையே இடது பக்கத்துக்கும் செய்யுங்கள்.

அவசரத்தில் பலர் தவறவிடுவது அக்குளை ஒட்டிய மேல்பகுதியை. சுரப்பித் திசு அதிகம் உள்ளது அங்குதான், புற்றுநோய் அதிகமாகத் தோன்றுவதும் அங்குதான். அடிமடிப்பில் வில்போல வளைந்த திண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டுப்பட்டால் அது இயல்பானது. மூன்று நான்கு மாதம் பார்த்துவிட்டால் உங்கள் உடம்பின் இயல்பு கைக்குப் பழகிவிடும்.

கேள்வி: கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை, இடுப்பில் ஊன்றி அழுத்தி ஒருமுறை பாருங்கள். கையைத் தூக்கும்போது தோலில் ஓரிடம் மட்டும் உள்ளே இழுத்துக் குழி விழுகிறதா? தோலை உள்திசுவோடு பிணைக்கும் மெல்லிய நார்களைக் கட்டி பற்றி இழுத்தால் அப்படி ஆகும். சும்மா நிற்கும்போது அது தெரியாமலே இருக்கலாம். நிணநீர் வடியாமல் தேங்கினால் தோல் தடித்து, மயிர்க்கால்கள் மட்டும் புள்ளி புள்ளியாக அமுங்கி, ஆரஞ்சுத் தோல் போல இருக்கும். காம்பு புதிதாக உள்வாங்குவது, ஒரு காம்பில் மட்டும் ஆறாத அரிப்பும் செதிலும், அழுத்தாமலே ஒரு பக்கம் ரத்தமோ நீரோ கசிவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மார்பகமும் அளவில் சற்று வேறுபடுவதும், சிறுவயதிலிருந்தே காம்பு உள்வாங்கியிருப்பதும் கவலைப்பட வேண்டியவை அல்ல.

கேள்வி: எனக்கு 46 வயது. இடது மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. இரண்டு மாதமாக இருக்கிறது. வலியே இல்லை, குடும்பத்திலும் யாருக்கும் புற்றுநோய் இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். தொடக்கத்தில் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கவில்லையே என்று இருந்துவிடுவதால்தான் பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது. நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அதேசமயம், மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டியாகவோ, இளவயதில் விரலுக்கு வழுக்கி ஓடும் நார்க்கட்டியாகவோ இருக்கும். ஆனால் எது எதுவென்று கையால் தடவி முடிவுசெய்ய முடியாது. மருத்துவர் தொட்டுப் பார்ப்பார், மேமோகிராமும் (மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே) ஸ்கேனும் எடுக்கச் சொல்வார், தேவையென்றால் ஊசி வழியே துளி திசு எடுத்துப் பயாப்சி செய்வார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மாதாமாதம் நானே பார்த்துக்கொண்டால் மேமோகிராம் தேவையில்லைதானே?

பதில்: தேவை. ஷாங்காயில் 2,60,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான பயாப்சிதான் கூடியது. விரலுக்கு அகப்படாத சிறு கட்டியையும் மேமோகிராம் காட்டும். 40 வயதைத் தொட்டதும் எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேமோகிராமுக்கும் சில கட்டிகள் தப்பும், இரண்டு பரிசோதனைக்கு இடையிலும் கட்டி வரலாம். அதனால் உங்கள் மார்பகத்தை நீங்கள் அறிந்திருப்பது அவசியம்.

கேள்வி: பால் கொடுக்கும்போது பார்க்கலாமா?

பதில்: குழந்தை குடித்து முடித்ததும் பாருங்கள். பால் கட்டிய இடம் ஓரிரு நாளில் இளகிவிடும். சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மருந்து முடிந்தும் சிவப்போ வீக்கமோ வடியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.