ஷிப்பிங் லேபிளில் ஒரு தொகை, வாலட்டில் பிடிப்பது வேறு தொகை: இது ஏமாற்று வேலையா?

கேள்வி: வீட்டில் செய்யும் வத்தல், வடகத்தைச் சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். ஒரு பார்சல் 450 கிராம், பெட்டி 30×20×15 செ.மீ. பல கூரியர்களை ஒரே இடத்தில் தரும் தளம் ஒன்றில் லேபிள் எடுத்தபோது 62 ரூபாய் காட்டியது. பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு ‘வெயிட் டிஸ்க்ரிபன்சி’ (எடை வித்தியாசம்) என்று சொல்லி, அந்தத் தளத்தில் நான் முன்பணம் போட்டு வைத்திருக்கும் வாலட்டில் இன்னும் 124 ரூபாய் பிடித்துவிட்டார்கள். தராசில் வைத்துப் பார்த்துத்தான் எடை போட்டேன். இது ஏமாற்று வேலையா?

பதில்:

உங்கள் பார்சலைப் பொறுத்தவரை ஏமாற்று எதுவும் இல்லை. அதற்காக வாலட்டில் பிடிக்கும் எல்லாப் பணமும் நியாயமானது என்றும் சொல்ல மாட்டேன். எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் கையில் காசு நிற்கும். நான் விற்பது மணப்பாட்டுப் பனையோலைக் கூடைகளும் பத்தமடைப் பாய்களும். எடை கம்மி, அடைக்கும் இடம் அதிகம். இந்தப் பிரச்சினையோடுதான் தினமும் குடித்தனம் நடத்துகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. கூரியர்காரர்கள் பார்சலுக்கு இரண்டு எடை பார்ப்பார்கள். ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று வால்யூமெட்ரிக் எடை, அதாவது பார்சல் அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் அது கிலோவில் வந்துவிடும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30, 20, 15 மூன்றையும் பெருக்கினால் 9000. வகுத்தால் 1.8 கிலோ. கட்டணம் 500 கிராம் ஸ்லாப் கணக்கில், அதாவது அரை அரைக் கிலோ படியாக ஏறுவதால் 1.8 என்பது 2 கிலோவாகிவிடும். நீங்கள் லேபிள் எடுத்தது ஒரு ஸ்லாப்புக்கு, பார்சல் அடைத்தது நான்கு ஸ்லாப். மிச்சம் மூன்று ஸ்லாப்புக்குத்தான் பிறகு பிடித்திருக்கிறார்கள். தளத்தின் ரேட் கார்டைத் திறந்து பாருங்கள். அந்தப் பின்கோடுக்குக் கூடுதல் 500 கிராமுக்கு 35 ரூபாய் என்று இருந்தால் மூன்றுக்கு 105, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 18.90, ஆக 123.90. உங்கள் 124 அப்படியே வந்துவிடுகிறது.

லேபிள் எடுக்கும்போதே இதை ஏன் காட்டவில்லை என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் பார்சலை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் டைப் செய்த எண்ணை வைத்து ஒரு மதிப்பீடு காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பல தளங்களில் பெட்டி அளவுக்கான கட்டத்தில் ஏற்கனவே 10×10×10 என்று நிரப்பி வைத்திருப்பார்கள். அதை மாற்றாமல் விட்டால் வால்யூமெட்ரிக் எடை வெறும் 200 கிராம்தான் வரும், உங்கள் 450 கிராமே பெரிதாகத் தெரியும். உண்மையான அளவெடுப்பு நடப்பது ஹப்பில், அதாவது கூரியர்காரர்கள் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையத்தில். அங்கே பெல்ட்டில் போகும்போதே எடை, மூன்று பக்க அளவு, பார்கோடு எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் பிடித்துவிடும். அந்தக் கணக்கு உங்கள் வாலட்டுக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். அதனால்தான் சரக்கு வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு பணம் கழிகிறது.

இடத்துக்குக் காசு வாங்குவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. வண்டியும் விமானமும் எடையால் நிறைவதற்கு முன் இடத்தால் நிறைந்துவிடும். இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யுபிஎஸ் இரண்டும் 2025 ஆகஸ்ட் முதல் அங்குலத்தில் சிறு பின்னம் வந்தாலும் அடுத்த முழு அங்குலமாகக் கணக்கெடுக்கின்றன. அங்கே கடை நடத்துபவர்களுக்கும் இதே தலைவலிதான்.

நம்மைக் கடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு சென்டிமீட்டர்தான். இயந்திரம் பெட்டியின் விளிம்பை அளப்பதில்லை, எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அங்கே அளக்கும். உங்கள் 30×20×15 பெட்டியை நிறையத் திணித்து மூடி, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் கூடினால் 31×21×16. பெருக்கினால் 10,416, அதாவது 2.08 கிலோ. இரண்டு கிலோவைத் தாண்டியதால் இரண்டரைக்குக் காசு. பெட்டி அளவைச் சரியாகப் போட்டவர்களுக்கும் கூடுதல் பிடிப்பு வருவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இந்தப் புடைப்புதான். உருண்டையான பொருளும் அப்படித்தான். சுருட்டிய பத்தமடைப் பாய் 95 செ.மீ. நீளம், 12 செ.மீ. தடிமன் என்று வையுங்கள். உருளையின் கன அளவை யாரும் பார்ப்பதில்லை, 95×12×12 பெட்டியாகத்தான் எடுப்பார்கள். 2.74 கிலோ வரும், 3 கிலோவுக்குக் காசு. பாயின் எடை அதில் பாதிகூட இருக்காது.

ஆகவே பெட்டியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கையில் கிடைத்த பெட்டியில் சரக்கைப் போடாமல், ஸ்லாப்பைப் பார்த்துப் பெட்டி வாங்குங்கள். 500 கிராம் ஸ்லாப்புக்குள் நிற்க 2500 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 20×15×8 என்றால் 2400. ஒரு கிலோ ஸ்லாப்புக்கு 5000. 25×20×10 சரியாக 5000 வருகிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள், கொஞ்சம் உப்பினாலும் ஒன்றரை ஆகிவிடும். 24×19×10 வாங்கினால் 4560, மூச்சுவிட இடம் இருக்கும். வத்தல் நொறுங்கும் சரக்கு, தெரியும். ஒரே பெரிய பையாகப் போடாமல் இரண்டு மூன்று தட்டையான பொட்டலங்களாக அடுக்கினால் உயரம் நன்றாகக் குறையும், பெட்டியும் உப்பாது. நான் கூடைகளைத் தனியாக விற்பதைக் குறைத்து, ஒன்றுக்குள் ஒன்று போகும் மூன்று அளவுகளை ஒரு செட்டாக விற்கிறேன். மூன்று கூடைக்கும் சேர்த்துப் பெரிய கூடையின் இடத்துக்கு மட்டும்தான் கூரியர் காசு. பெட்டியைச் சின்னதாக்க வழியே இல்லையென்றால் 2 கிலோவை மினிமமாக வைத்திருக்கும் சர்ஃபேஸ் (தரைவழி) சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 500 கிராம் ஸ்லாப்பில் நான்கு ஏறுவதைவிட அது பெரும்பாலும் மலிவு. இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும். வத்தலுக்கு அது ஒரு குறை இல்லை.

இனி அநியாயமான பிடிப்புகள். இவையும் நடக்கின்றன. எங்கள் கூடை பார்சல் ஒன்றுக்கு 9 கிலோ என்று வந்தது. ஹப்பில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பெல்ட்டில் எங்கள் பார்சலை ஒட்டி வேறொருவருடைய பெரிய பெட்டி கிடக்கிறது. இயந்திரம் இரண்டையும் சேர்த்து ஒன்றாக அளந்திருக்கிறது. எங்கள் பக்கப் படங்களை அனுப்பினோம், பணம் திரும்பி வந்தது. ஆனால் படத்தைக் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பணம் போனதுதான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. டிஸ்பியூட் போட, அதாவது இந்தப் பிடிப்பு தப்பு என்று ஆட்சேபிக்க, பல தளங்களில் ஏழு நாள் தருகிறார்கள், அதைவிடக் குறைவாகத் தரும் இடமும் உண்டு. அந்தக் கெடு தாண்டினால் நாம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அளந்தது அவர்கள், பணம் பிடித்தது அவர்கள், தப்பு என்று நிரூபிக்க வேண்டியது மட்டும் நாம். சமையல், பேக்கிங், கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும் வீட்டுத் தொழிலில் வாரம் தவறாமல் இந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஹப் படமும் மூன்று அளவுகளும் கேட்காமலே வர வேண்டும். அது வரும்வரை ஆதாரத்தை நாம்தான் கையில் வைத்திருக்க வேண்டும்.

நான் செய்வது இது. பேக் செய்து டேப் ஒட்டிய பிறகு, லேபிள் நம்பர் தெரியும்படி, தராசின் மேல் பார்சலை வைத்து ஒரு படம். மூன்று பக்கமும் அளவு டேப்பைப் பிடித்து மூன்று படம். நம்பர் தெரியாத படத்தை ஏற்க மாட்டார்கள். இது எல்லாப் பார்சலுக்கும் தேவையில்லை. ஒரே பொருள், ஒரே பெட்டி என்றால் அதன் எடையையும் அளவையும் படத்தோடு பதிந்து பூட்டிவைக்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது, ‘வெயிட் ஃப்ரீஸ்’ என்பார்கள். அதைச் செய்தபிறகு எனக்குச் சண்டை போடும் வேலை பாதியாகக் குறைந்தது. தராசுக்குச் சட்டப்படி முத்திரை வாங்கிவிடுங்கள். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவுப் பிரிவு அதைச் செய்கிறது. முத்திரையுள்ள தராசின் படம் என்றால் டிஸ்பியூட்டில் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

எடையைத் தவிர வேறு வழிகளிலும் தொகை மாறும். ரேட் கார்டில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை. சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்ததும் காசு என்றால் அதற்குத் தனிக் கட்டணம். வடகிழக்கு மாநிலங்களுக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் தனி ஸோன், விலை அதிகம். எல்லாவற்றையும்விட வலிக்கும் ஒன்று ஆர்டிஓ, அதாவது ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’. வாடிக்கையாளர் வாங்காமல் பார்சல் திரும்பினால் திரும்பும் வழிக்கும் காசு, அதுவும் ஹப் போட்ட எடையில். உங்கள் பார்சலே திரும்பி வந்திருந்தால் போக நான்கு ஸ்லாப், வர நான்கு ஸ்லாப். வத்தலுக்கு சிஓடி தருகிறீர்கள் என்றால், அனுப்பும் முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தபால் நிலையத்தையும் மறந்துவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்டிலும் இதே 5000 கணக்கு உண்டு. ஆனால் கவுண்டரில் உங்கள் கண்முன் எடை போட்டு, காசு வாங்கி, ரசீது தருகிறார்கள். பிறகு வாலட்டில் கழியும் கதை இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று ஆர்டர் இருக்கும் நிலையில் எனக்குப் பிடித்த வழி அதுதான்.

இந்த 124 ரூபாய்க்கு டிஸ்பியூட் போடாதீர்கள், நிற்காது. ஆனால் இதற்கு முன் பிடித்தவற்றின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் அவர்கள் போட்ட அளவைப் பாருங்கள். 30×20×15ஐ விட ரொம்ப அதிகமாக எங்கேயாவது இருந்து, கெடுவும் தாண்டவில்லை என்றால் இன்றே படம் கேளுங்கள். அப்புறம், உங்கள் வத்தல் பொட்டலத்தைத் தட்டையாக வைத்தால் நீளம், அகலம், உயரம் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். எந்த அளவுப் பெட்டி சரிவரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.