அக்ரி (agree), கொன்சென்ற் (consent), கொன்ராக்ற் (contract): இந்த ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன? இவற்றுக்குள் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. நீங்கள் ஏதோ ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கப்போகிற அவசரத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சும்மா இருக்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது. நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். எனக்கே காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் கந்தோரில் முகம் சிவந்து எழும்பி வந்த பிறகுதான் வந்தது.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அக்ரி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘ஆ கிரே’ என்றால் மனதுக்குப் பிடித்தபடி. கொன்ராக்ற் இலத்தீன், சேர்த்து இழுப்பது. அந்த ‘இழு’வில் இருந்துதான் வயல் உழுகிற ட்ரக்டரும் வந்தது. நீங்கள் கேட்காவிட்டாலும், இவற்றோடு சேர்ந்து வருகிற கொம்ப்ரமைஸ் (compromise) என்பது, நடுவர் சொல்லும் தீர்ப்பைக் கேட்போம் என்று இரண்டு பகுதியும் சேர்ந்து வாக்குக் கொடுப்பது. விட்டுக்கொடுப்பு என்ற பொருள் பிறகுதான் ஏறியது. கொன்சென்ற் என்றால் ‘கூட உணர்தல்’. மற்றவருக்கு இருக்கிற எண்ணம் எனக்கும் இருக்கிறது என்பதுதான் அதன் அடி.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் என் வயிற்றெரிச்சல்.

அம்மா எனக்குச் சீதனமாக எழுதித்தந்த காணி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தது. மகளின் படிப்புக்காக விற்க நினைத்தேன். ஆள் வந்து, விலையும் பேசியாயிற்று. நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அவரின்ரை கொன்சென்ற் எங்கை ரீச்சர்?” என்றார். என் கணவரைத்தான் கேட்டார். அவர் கட்டாரில். காணி என் பெயரில், தந்தது என் தாய், விற்பது நான். ஆனாலும் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமாம். திருமண உரிமைகள் பற்றிய 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கட்டளைச்சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அவர் தன்னுடைய தனிச்சொத்தை விற்க என்னிடம் ஒரு சொல் கேட்கத் தேவையில்லை.

போன் எடுத்தேன். “நீர் முடிவெடுத்துப்போட்டீர், பிறகேன் என்னைக் கேக்கிறீர்? செய்யும்” என்றார். இதில் பிடித்ததும் இல்லை, கூட உணர்ந்ததும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, அக்குவியெஸ் (acquiesce). இலத்தீனில் அதன் அடிப்பொருள் ஓய்ந்துபோவது, ‘குவாயட்’டுக்கு இனத்தான். எதிர்க்க மனமில்லாமல் வாயை மூடிக்கொள்வது. ஆனால் அவர் ஒப்பமிட்டு அனுப்பிய கடதாசியில் கொன்சென்ற் என்றே இருந்தது. சட்டத்துக்கு அது போதும். காணியும் விற்றாயிற்று.

மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் எத்தனை பெண்களுக்குக் கலியாண எழுத்து எழுதி முடித்திருக்கிறார்கள்! இது நம்முடைய கண்டுபிடிப்பு மட்டுமில்லை. 1298இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் ‘பேசாதவர் சம்மதித்தவராகக் கொள்ளப்படுவார்’ என்ற கருத்தில் ஒரு விதி உண்டு. அதற்கு அடுத்த விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பேசாதவர் ஒப்புக்கொண்டவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை என்கிறது அது. எனக்கு அந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

‘சொல்லின் வேர் வேறு, இன்றைய பொருள் வேறு’ என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: தெரியும். நீதிமன்றத்தில் போய் இலத்தீன் பேசச் சொல்லவில்லை. தேசவழமையைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. சீதனம் பெண்ணின் சொத்து என்று வைத்திருப்பதும் அதே வழமைதான். 1707இல் ஒல்லாந்தர் அதைத் தொகுத்து எழுதிவைத்ததும் நல்லதுக்குத்தான். என் கணவரையும் குறை சொல்லவில்லை. அவரும் இதை வாசிப்பார்.

அக்ரிமென்ற் பற்றி இன்னொன்று. 1879 தொடக்கம் 1916 வரை இந்தியாவிலிருந்து ஃபிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள், அதில் தமிழரும் இருந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அந்த ஆங்கிலச் சொல் அவர்களின் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. போனவர்களுக்கே ‘கிர்மிட்டியா’ என்று பெயர். மனதுக்குப் பிடித்தபடி என்று பிறந்த சொல், பாருங்கள், எங்கே போய் நின்றது.

இப்போதும் என்ன குறை? வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏஜென்சிக்காரன் நீட்டிய ஆங்கிலக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் என் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். “ஒரு பக்கம்தானே அக்கா, சும்மா வாசிச்சுச் சொல்லுங்கோ.” அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போகும். காசு கேட்டால் சொந்தத்துக்குள் இப்படியா என்று முகத்தைத் தூக்குவார்கள். ஏஜென்சிக்காரனுக்கு மட்டும் நகையை அடகு வைத்துக் கட்டுவார்கள்.

உங்கள் கடதாசியில் எந்தச் சொல் வந்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள், பார்க்கிறேன். கையெழுத்து வைக்கமுன் எழுதுங்கள்.