வீட்டிலேயே கண்ணாடிக் குச்சியை உருக்கி மணி செய்ய ஆரம்பிப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது: வீட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடக்கிறது, லாம்ப்வொர்க்கிங், அதாவது டார்ச் எனும் எரிவாயுச் சுடர்க் கருவியில் கண்ணாடியை உருக்கி வடிவம் கொடுக்கும் வேலை, கற்றுக்கொண்டு நூலில் கோக்கும் கண்ணாடி மணிகள் செய்ய ஆசை, எந்த டார்ச் வாங்குவது, பழைய பாட்டில்களை உருக்கிப் பழகலாமா?

நானும் டார்ச்சில்தான் ஆரம்பித்தேன். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் நெருப்புதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணாடியை உருக்குவது இந்த வேலையில் சுலபமான பாதி. ஆறவைப்பதுதான் கஷ்டமான பாதி. அதற்கு நான் ஒரு காசுகூட ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

முதல் நாள் பதினொரு மணிகள் செய்தேன். ஒவ்வொன்றையும் சூடாக இருக்கும்போதே வெர்மிகுலைட் எனும் சூடு தாங்கும் லேசான கனிமத் துகள் நிரப்பிய தகர டப்பாவுக்குள் செருகினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எல்லாம் முழுசாக, பளபளவென்று இருந்தன. மேசைமேல் வரிசையாக வைத்து ரசித்தேன். மூன்றாம் நாள் இரவு ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு நீல மணி நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. யாரும் தொடவில்லை. ஒரு மாதத்தில் மிஞ்சியது நான்கு.

காரணம் எளிது. மணியின் வெளிப்பக்கம் முதலில் ஆறி இறுகிவிடுகிறது. உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, இறுகிப்போன வெளிப்பக்கம் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதைப் போக்குவதற்குத்தான் அனீலிங். நாம் பயன்படுத்தும் மென்கண்ணாடியைச் சூளையில் சுமார் 510 டிகிரி செல்சியஸில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் 370 டிகிரி வரை இறக்கி, சூளையை அணைத்து, கதவைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். இது சிறிய, சாதாரண மணிகளுக்கு. பெரிய உருவங்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

வெர்மிகுலைட்டும் சூடு தாங்கும் ஃபைபர் போர்வையும் வேகமாக ஆறுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். மணி உடனே வெடிக்காது. ஆனால் அது அனீலிங் ஆகாது. ஆரம்பத்தில் சூளை வாங்க முடியாவிட்டால், இப்படி மெதுவாக ஆறிப் பிழைத்த மணிகளைச் சேர்த்து வைத்து, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள சூளை யாரிடமாவது இருந்தால் மொத்தமாக வைத்து எடுக்கலாம். குளிர்ந்த சூளையில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அந்தக் கருவி இருந்தால் மட்பாண்டம் செய்கிறவர்களின் சூளையும் இதற்கு ஆகும். அனீலிங் ஆகாத மணியை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கண்ணாடி. குச்சிகளின் பக்கத்தில் 104, 33 என்று எண் போட்டிருப்பார்கள். சூட்டில் அது எவ்வளவு விரியும் என்பதற்கான குறியீடு அது. 104 என்பது மேலே சொன்ன மென்கண்ணாடி. மணி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை வைத்துத் தொடங்குவார்கள், நீங்களும் அதிலேயே தொடங்குங்கள். 33 என்பது போரோசிலிகேட், ஆய்வகக் குடுவைகளின் கண்ணாடி. அதற்குச் சூடு அதிகம் வேண்டும், ஆக்சிஜன் இல்லாமல் ஆகாது. இரண்டையும் ஒரே மணியில் கலந்தால் ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும், எந்த அனீலிங்கும் அதைக் காப்பாற்றாது. இதில் பெரிய தொல்லை, கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. வாங்கி வந்த அன்றே தனித்தனிக் குழாய்களில் போட்டு எண் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சரி, டார்ச். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் ஒற்றை எரிவாயு டார்ச் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். இரைச்சல் போடும், மெதுவாகத்தான் உருக்கும். ஆனால் மெதுவாக உருகுவது புதியவருக்கு நல்லது, கை யோசிக்க நேரம் கிடைக்கிறது. பிடித்துப்போனால் பிறகு ஆக்சிஜனும் சேரும் டார்ச்சுக்கு மாறலாம். அப்போது பற்றவைக்கும்போது எரிவாயு முதலில், ஆக்சிஜன் பிறகு. அணைக்கும்போது ஆக்சிஜன் முதலில், எரிவாயு பிறகு. நெருப்பு குழாய்க்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும் கருவிகள் இரண்டு குழாய்க்கும் வேண்டும். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது.

புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரை வெளியே, நிமிர்த்தி வையுங்கள், தரைக்குக் கீழே உள்ள அறையில் இந்த வேலை வேண்டாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எனக்கு இது பழகிப்போய் இப்போது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

‘ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா’ என்று நானும் கேட்டவன்தான். போதாது. சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வருகின்றன. டார்ச்சுக்கு மேலும் பின்னுமாக ஒரு புகைக்கூண்டு, அதில் வெளியே இழுக்கும் விசிறி, உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து புதுக் காற்று வர ஒரு வழி, இந்த மூன்றும் வேண்டும். புகை உங்கள் முகத்தைத் தாண்டிப் போகாமல், முகத்தைவிட்டு விலகிப் போக வேண்டும். கூடவே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டிவிடுங்கள்.

மேசைமேல் சிமெண்டுப் பலகையோ இரும்புத் தகடோ போடுங்கள். பருத்தி உடை, மூடிய செருப்பு, முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி. சுடரில் கண்ணாடி பட்டதும் சோடியத்தின் மஞ்சள் ஒளி திரைபோல எழும்பி உள்ளே நடப்பதை மறைத்துவிடும். இந்த மூக்குக்கண்ணாடி அந்த 589 நானோமீட்டர் ஒளியை வடிகட்டிவிடும். முதல்முறை போட்டபோது யாரோ திரையை விலக்கியது போலிருந்தது.

இனி முதல் மணி. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் களிமண் கலவையில் முக்கி, நிமிர்த்தி வைத்து முழுக்கக் காயவிடுங்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் மணி கம்பியைவிட்டு வராது. கண்ணாடிக் குச்சியைச் சடாரென்று சுடருக்குள் நீட்டினால் பட்டென்று சில்லு தெறிக்கும். சுடரின் தொலைவான நுனியில் ஆட்டி ஆட்டிச் சூடேற்றிக்கொண்டே உள்ளே கொண்டுவாருங்கள். நுனி உருண்டு ஒரு சிறு குண்டாகத் தொங்கும்போது, மற்ற கையில் உள்ள கம்பியும் மங்கலாகச் சிவந்திருக்க வேண்டும். குண்டைக் கம்பியில் ஒட்டி, கம்பியை உங்களைவிட்டு விலகும் திசையில் உருட்டினால் கண்ணாடி சுற்றிக்கொள்ளும். மிச்சமிருக்கும் இழையைச் சுடரிலேயே உருக்கித் துண்டித்துவிடலாம். அதிலிருந்து உருட்டுவதை நிறுத்தவே கூடாது. சுடரைவிட்டு வெளியே எடுத்த பிறகும்தான். ஒரு நொடி நின்றால் மணி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும்.

துளை இருக்கும் இரண்டு முனைகளையும் பாருங்கள். நல்ல மணியில் முனை உள்பக்கமாகக் குழிந்திருக்கும். புதியவர் செய்த மணியில் கம்பியோடு மெலிந்து கூராக நீண்டிருக்கும், நூலையும் அறுக்கும், சீக்கிரம் உடையும். கம்பியில் அகலமாகச் சுற்றிவிட்டு, அந்த அகலத்துக்குத் தேவையான கண்ணாடியைப் போடாததால் வருவது இது. கருவியால் தள்ளிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நடுவில் இன்னும் கண்ணாடி சேர்த்து, சூட்டில் உருட்டிக்கொண்டிருந்தால் அது தானே உருண்டு முனைகளை உள்ளிழுக்கும். எனக்கு இது புரிய ஐம்பது மணிகள் ஆனது.

செஞ்சூடு மறைந்ததும் சூளைக்குள் வையுங்கள். ஆறிய பிறகு தண்ணீரில் ஊறவைத்து, துளையைத் தண்ணீருக்குள்ளேயே வைரத்துகள் பதித்த கம்பியால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். உலர்ந்த பூச்சைச் சுரண்டினால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும்.

நிறங்கள் நான்கைந்து போதும். டர்க்காய்ஸ் எனும் பச்சைநீலம் வாங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் தாமிரம் இருக்கிறது, எரிவாயு மிகுந்த சுடரில் மேலே சாம்பல் நிறமும் சிவப்புமாக ஆடை படியும். கண்ணாடி மட்டமானது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன், குற்றம் என் சுடரில். தந்தநிற ஐவரியும் டர்க்காய்ஸும் தொடும் இடத்தில் கரிய கோடு விழும். அதையே அழகாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

டார்ச் சின்னது என்று கவலைப்பட வேண்டாம். இந்த வேலைக்குப் பெயரே எண்ணெய் விளக்கின் சுடரில் காற்றை ஊதிச் செய்த காலத்திலிருந்து வந்தது. பிளாஷ்கா என்ற தந்தையும் மகனும் 1887 முதல் 1936 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகச் செய்த கண்ணாடிப் பூக்கள் மேசைமேல் இப்படிச் சுடரில் உருவானவைதான்.

கடைசியாக, பாட்டில். உருக்கலாம், ஆனால் பழகுவதற்கு ஏற்றதில்லை. விறைப்பான கண்ணாடி, உடைத்த துண்டுகள் சூட்டில் எளிதாகத் தெறிக்கும், விரியும் எண்ணும் தெரியாது. கை பழகிய பிறகு செய்து பார்க்க நினைத்தால், ஒரு மணிக்கு ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள், 104 குச்சியால் அதன்மேல் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள்.