முல்லைப் பெரியாறு அணை அவ்வளவு பழையது என்றால் ஏன் இன்னும் இடிக்கவில்லை?

கேரளத்தின் அச்சத்தை வெறும் அரசியல் என்று தள்ள முடியாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்து 1895இல் கட்டி முடித்த அணை. கீழே வண்டிப்பெரியாறு மக்கள் அடைமழையில் கலங்குவது இயல்பே. ஆனால் அணை அன்று இருந்தபடியே இல்லை. 1979இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்துவிட்டு, உச்சியில் கான்கிரீட் பாரம், அடிப்பாறை வரை துளையிட்டு இறுக்கிய எஃகுக் கம்பிகள், பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் என்று பலப்படுத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது.

சிக்கல் வேறு: அணை கேரளத்தில், 1886 குத்தகைப்படி இயக்குவதும் பாசனம் பெறுவதும் தமிழ்நாடு. இதை இடித்துவிட்டு, கேரளம் கேட்கும் புதிய அணை வந்தால் அந்த உரிமை நழுவும் என்ற பயம் இங்கே.

முதன்மை அணையை ஒட்டியுள்ள சிறிய துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்த மரம் வெட்டும் அனுமதியை 2021இல் கேரளம் தந்து, உடனே திரும்பப் பெற்றது. உண்மையில் பயப்படுபவர் செய்யும் வேலையா அது?